அக்கா, சுவர் அழுவுது

போன கார்த்திகை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலை ஆறே முக்காலுக்குப் பெயின்டர் தம்பி போன் செய்தார்.

"அக்கா, சுவர் அழுவுது. கொஞ்சம் வந்து பாருங்க."

மேல் குன்னூரில் ஒரு பழைய வீடு. மற்ற மூன்று பக்கமும் சந்தன நிறம், முன்பக்கம் மட்டும் நல்ல கருஞ்சிவப்பு வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா கேட்டிருந்தார். எங்கள் பெயின்ட் யூனிட்டில் செய்த வெளிப்புற எமல்ஷன்தான். இரண்டாவது கோட் முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு முடிந்திருக்கிறது. ஐந்துக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிட்டது. இரவு முழுக்கத் தூறல்.

போய்ப் பார்த்தால், சன்ஷேடின் முனையிலிருந்து ஜன்னல் அடிவரை நத்தை ஊர்ந்த தடம் மாதிரி பழுப்பாகவும் பளபளப்பாகவும் கோடுகள். இருபது, இருபத்தைந்து இருக்கும். ஒரு கோட்டை விரலால் தொட்டேன். பிசுபிசுத்தது, சரியாக இறுகாத வெல்லப்பாகு போல. விரலில் சிவப்பு ஒட்டவில்லை.

"கலர் கரையுதாக்கா?"

"இல்லப்பா. கலர் இருந்த இடத்துலயேதான் இருக்கு. அதை நல்லா கலக்கறதுக்காக நான் போட்ட மருந்துதான் வெளிய வருது."

அந்த மருந்தில் இரண்டு வகை உண்டு: வெட்டிங் ஏஜென்ட், டிஸ்பர்சிங் ஏஜென்ட் (சுருக்கமாக டிஸ்பர்சன்ட்). பெயின்ட் டப்பாவில் இவை இருப்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. அடிக்கிறவருக்கும் தெரியாது. செய்கிறவர்களிலும் பாதிப்பேர், விற்பனைப் பிரதிநிதி கொடுத்துவிட்டுப் போன காகிதத்தில் "அரை முதல் இரண்டு சதவீதம்" என்று இருப்பதைப் பார்த்து ஒன்றரை போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பவர்கள்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். சென்னைக்கு வெளியே ஒரு கம்பெனி லேபில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்தவள் என்ற கர்வம் வேறு.

என் பாட்டி வீட்டிலேயே கண் மை செய்வார். விளக்குத் திரிக்கு மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைப்பார். காலையில் அடியில் கரி படிந்திருக்கும். அதை வழித்து இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் மை. ஒருநாள் எண்ணெய் தீர்ந்துபோய், நான் கெட்டிக்காரத்தனமாகத் தண்ணீர் விட்டேன். கரி தண்ணீர் மேலேயே மிதந்தது. விரலால் அமுக்கினால் அமுங்கி, எடுத்தால் மறுபடி மேலே வந்து நின்றது. விரலில் தண்ணீரே ஒட்டவில்லை. கரிக்கு எண்ணெய் சொந்தம், தண்ணீர் அந்நியம். எம்.எஸ்சி. வகுப்பில் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் என்று எழுதிப் போட்டபோது எனக்கு அந்தப் பித்தளைத் தட்டுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் தன்னையே இறுக்கிப் பிடித்துக்கொள்கிற திரவம். கரிமேல் பரவ அதற்கு மனசு வராது. ஒரு துளி சோப்பு விட்டிருந்தால் அந்த இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கி, கரி சட்டென்று மூழ்கியிருக்கும். அந்தத் துளி சோப்பு செய்யும் வேலைதான் வெட்டிங் ஏஜென்டின் வேலை. பொடிக்குள் இருக்கும் காற்றை விரட்டி அந்த இடத்தில் தண்ணீரை உட்கார வைப்பது.

அடுத்தது உடைப்பது. கொதிக்கிற தண்ணீரில் கேழ்வரகு மாவை நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும், கட்டியைப் பிட்டால் உள்ளே காய்ந்த மாவு இருக்கும், இல்லையா? நிறமிப் பொடியும் அப்படித்தான் மூட்டையிலிருந்து வரும். அதை மெஷினில் போட்டு உடைக்க வேண்டும். உடைத்ததெல்லாம் மறுபடி போய் ஒட்டிக்கொள்ளாமல் தள்ளித் தள்ளி நிற்க வைப்பது மூன்றாவது வேலை. அதற்குத்தான் டிஸ்பர்சன்ட். என்னைக் கேட்டால் இந்த மூன்றாவதுதான் கஷ்டம். உடைக்க மோட்டார் இருக்கிறது. பிரித்து வைக்க அந்த மருந்தை விட்டால் வேறு ஆள் கிடையாது.

பிரித்து வைப்பதிலும் இரண்டு விதம். ஒன்று, ஒவ்வொரு துகளுக்கும் ஒரே வகை மின்னேற்றம் கொடுத்து ஒன்றையொன்று விலக்க வைப்பது. சோடியம் பாலிஅக்ரிலேட் போன்றவை இந்த ஜாதி. விலை மலிவு, வெள்ளை நிறமியான டைட்டானியத்துக்கு அருமையாக வேலை செய்யும். இன்னொன்று, நீளமான பாலிமர் சங்கிலியின் ஒரு முனையைத் துகளில் நங்கூரம் போட்டு, மறுமுனையைத் தண்ணீரில் ஆட விடுவது. பலாக்காய் முள் மாதிரி சுற்றிலும் வால்கள் நிற்கும். பக்கத்துத் துகள் நெருங்க முடியாது. விலை அதிகம், ஆனால் தண்ணீரின் குணம் மாறினாலும் அவ்வளவு சீக்கிரம் சரியாது.

இந்த வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்துப் பாஸாகிவிட்டேன். புரிந்தது காரமடையில்.

எங்கள் யூனிட் மலைக்குக் கீழே காரமடையில் இருக்கிறது, அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நான் குன்னூரில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் சின்ன லேப் வைத்திருக்கிறேன். இங்கே சரியாக வந்த ஃபார்முலாவைப் போனில் சொன்னால் அங்கே 200 லிட்டர் போடுவார். முதல் வெள்ளை பேஸ் (மேலே நிறம் சேர்ப்பதற்கான அடிப்படைப் பெயின்ட்) அப்படித்தான் போட்டோம். இங்கே பால் மாதிரி ஓடியது. அங்கே, பொடி போட்டு முடிப்பதற்குள் இட்லி மாவாகி, பொடியைச் சுவரில் ஒட்ட வைக்கும் பைண்டர் ஊற்றிய மறுநாள் தயிராகிவிட்டது. அண்ணன் போன் செய்து, "நீ சொன்ன கணக்குலதான் போட்டேன், பாப்பா. ஒரு கிராம் கூடக்குறைய இல்ல" என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. எடைத் தராசைச் சந்தேகப்பட்டேன், டைட்டானியம் மூட்டையைச் சந்தேகப்பட்டேன், அண்ணனையும் சந்தேகப்பட்டேன். மூன்று பேட்ச் போனபிறகு கீழே இறங்கினேன்.

யூனிட்டில் டீ போட வைத்திருந்த கெட்டிலைத் திறந்தேன். அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு. விடை அங்கேயே இருந்தது. எங்கள் வீட்டுக்கு வருவது மலை ஊற்றுத் தண்ணீர். சோப்பு போட்டால் நுரை போகவே போகாது. அங்கே போர்வெல். டெஸ்ட் செய்தால் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல். குடிநீருக்கே 200 வரைதான் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதில் இருக்கும் கால்சியத்துக்கு இரண்டு கை. ஒரு கையால் ஒரு பாலிஅக்ரிலேட்டையும் மறுகையால் இன்னொன்றையும் பிடித்துக்கொள்ளும். துகள்களை விலக்கி வைக்க வேண்டிய மருந்தே துகள்களைக் கட்டிப்போடும் கயிறாகிவிடுகிறது. இதில் மருந்தை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டால் சரியாகுமே என்று கூட்டிப் பார்த்தோம். காசு போனதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு ஆர்.ஓ. மெஷின் வைத்தோம். அதற்கு முன் கொஞ்ச நாள் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் போட்டு ஓட்டினோம். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அன்றைக்குப் பார்த்தால் பிரமாதம். ஆனால் தண்ணீரில் கிடக்கக் கிடக்க அது மெதுவாக உடைந்து சாதாரண பாஸ்பேட்டாகிவிடும். மூன்று நாலு மாதம் கடை அலமாரியில் நின்ற டப்பா கெட்டியாகித் திரும்பி வரும். வந்தது.

அதிலிருந்து, யாராவது "எந்த டிஸ்பர்சன்ட் நல்லது?" என்று கேட்டால் நான் முதலில் கேட்பது, "உங்க ஊர் தண்ணி எப்படி?"

இரண்டாவது கேள்வி பொடியைப் பற்றியது. எல்லா நிறமிக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு என்பது நடக்காது. ஒரு கிராம் பொடியின் துகள்களையெல்லாம் பிரித்து, அவற்றின் தோலை உரித்து விரித்தால் எத்தனை சதுர மீட்டர் வரும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பி.இ.டி. என்பார்கள். புரூனாவர், எம்மெட், டெல்லர் என்ற மூன்று பேர் 1938ல் வெளியிட்ட முறை. அந்த டெல்லர்தான் பின்னால் ஹைட்ரஜன் குண்டோடு பேர் சேர்ந்தவர்; அவர் வேலையின் ஒரு ஓரத்தை வைத்துக்கொண்டு நான் குன்னூரில் சுவருக்குச் சிவப்பு கலக்குகிறேன்.

இரண்டாவதாகச் சொன்ன சங்கிலி வகை டிஸ்பர்சன்ட்டுக்கு லேபில் ஒரு குத்துமதிப்புச் சூத்திரம் உண்டு: பி.இ.டி. எண்ணை ஐந்தால் வகுத்தால், நூறு கிராம் நிறமிக்கு எத்தனை கிராம் மருந்து என்று வரும். சிவப்பு இரும்பு ஆக்சைடு சுமார் 10 என்றால் 2 கிராம். தாலோ புளூ என்ற நீல நிறமி 60 என்றால் 12 கிராம். கார்பன் பிளாக் 100 என்றால் 20 கிராம். நைஸான கார்பன் என்றால் இன்னும் மேலே போகும். அதோடு முடியவில்லை. இது சுத்த மருந்தின் கணக்கு. டிரம்மில் வருவது பெரும்பாலும் 40 சதவீதச் சரக்கு, மீதி தண்ணீர். அதனால் 10 கிலோ கார்பனுக்கு 2 கிலோ சுத்த மருந்து என்றால், டிரம்மிலிருந்து எடுக்க வேண்டியது 5 கிலோ. இந்தக் கடைசி வகுத்தலை மறந்துவிட்டு, "உங்க மருந்து வேலை செய்யல" என்று கம்பெனிக்காரரிடம் சண்டை போட்டவர்கள் எத்தனையோ பேர். ஒருவரை எனக்கு நன்றாகவே தெரியும். காரமடையில் அவருக்கு ஒரு அண்ணன் இருக்கிறார்.

டைட்டானியத்துக்குப் பாலிஅக்ரிலேட் போடும்போது இந்தச் சூத்திரம் பொருந்தாது, அதைவிட மிகக் குறைவாகவே போதும். அங்கே சூத்திரத்தை நம்புவதைவிட டம்ளரை நம்பலாம்.

டம்ளர் சோதனை இப்படி. 30 கிராம் தண்ணீர், 70 கிராம் டைட்டானியம், ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு தட்டையான கரண்டி, ஒரு சொட்டுக் குப்பி. முதலில் கலக்கும்போது சப்பாத்தி மாவு போல உதிரும், கரண்டி நிற்கும். ஒரு சொட்டு விட்டுக் கலக்கு. ஒன்றும் நடக்காது. இன்னொன்று. இன்னொன்று. மணிக்கட்டு வலிக்க ஆரம்பிக்கும். ஏதோ ஒரு சொட்டில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், மாவு அப்படியே இளகி டம்ளரைச் சாய்த்தால் மோர் போல ஓடும். எத்தனை தடவை செய்தாலும் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எடையைக் குறித்துக்கொண்டு மேலும் விட்டுக்கொண்டே போக வேண்டும். இன்னும் கொஞ்சம் இளகும், அப்புறம் இளகாது, அதற்கும் மேலே போனால் மெல்லக் கெட்டிப்படக்கூட ஆரம்பிக்கும். மிக இளகலாக இருந்த அந்தப் பள்ளம்தான் பொடி கேட்கும் அளவு. டப்பாவில் மாதக்கணக்கில் நிற்க வேண்டுமே என்று அதற்குக் கொஞ்சம் மேலே வைப்பேன். முன்பு "கொஞ்சம் மேலே" என்பதைத் தாராளமாக வைத்துக்கொண்டிருந்தேன். மேல் குன்னூர்ச் சுவர் அழுததற்கு அந்தத் தாராளமும் ஒரு காரணம்.

இன்னொரு சோதனைக்கு விரல் மட்டும் போதும். போன வருடம் ஒரு கடைக்காரர் மலை ரயில் பெட்டி நீலம் வேண்டும் என்றார். எங்கள் ஊரில் நீலம் என்றால் அதுதான் நீலம். 1899ல் குன்னூர் வரைக்கும் 1908ல் ஊட்டி வரைக்கும் வந்த ரயில். அந்த நிறத்தில் கால் ஷேட் தப்பினாலும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பாட்டி கண்டுபிடித்துவிடுவார். தாலோ புளூவும் டைட்டானியமும் கலந்து கொடுத்தேன். மறுநாளே தகராறு. ஓரமெல்லாம் பிரஷ்ஷில் கட்டிங் போட்ட இடம் ஒரு நீலம், நடுவில் ரோலர் ஓட்டிய இடம் வேறு நீலம். ஒரே டப்பா.

பெயின்டைச் சந்தேகப்படும் முன் எல்லோரும் பெயின்டரைத்தான் சந்தேகப்படுவார்கள், பாவம். நான் ஒரு அட்டையில் அதே பெயின்டைத் தீற்றி, பாதி காய்ந்து பிசுக்கென்று இருக்கும்போது ஓரிடத்தில் விரலால் வட்டமாகத் தேய்த்தேன். தேய்த்த இடம் நன்றாக அடர்ந்து நீலமானது. அப்படியானால் நீலத் துகள்கள் டப்பாவுக்குள் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. விரல் அழுத்தியதும் பிரிந்து நிறம் காட்டின. பிரஷ்ஷின் இழுப்பும் அதையேதான் செய்தது. ரோலருக்கு அவ்வளவு அழுத்தம் இல்லை. தேய்த்த இடம் வெளுத்திருந்தால் வெள்ளைதான் கூட்டு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவுதான் சோதனை. இதைச் செய்யாமல் டப்பாவை மூடி அனுப்பியவள் நான்.

தப்பு நீலத்தை அரைத்த இடத்தில். நீலப் பேஸ்டில் மருந்தைக் கஞ்சத்தனமாகப் போட்டிருந்தேன், தாலோ விலையும் மருந்து விலையும் சேர்ந்து மிரட்டியதால். கடைசியில் தயாரான பெயின்டின் தலையில் அரை மூடி மருந்தை ஊற்றிக் கலக்கிப் பார்த்தேன். கொஞ்சம் தேறியது, முழுசாகத் தேறவில்லை. பொடி உடைகிற நேரத்தில் மருந்து பக்கத்திலேயே இருக்க வேண்டும். புதிதாகத் திறந்த முகத்தில் உடனே போய் உட்கார வேண்டும். கூட்டு சேர்ந்த பிறகு வந்தால் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் எங்கள் யூனிட்டில் இப்போது வரிசை மாறாது: தண்ணீர், டிஸ்பர்சன்ட், வெட்டிங் ஏஜென்ட், கொஞ்சம் நுரையடக்கும் டிஃபோமர், அப்புறம்தான் பொடி. சின்டெக்ஸ் டிரம்மில் நடுவில் சுழல் விழுந்து, மாவு வடை போல உருண்டு உருண்டு உள்ளே போக வேண்டும். ஓட்டை தெரியாமல் தளதளவென்று அலைந்தால் தண்ணீர் அதிகம், பிளேடு சும்மா நீந்துகிறது என்று அர்த்தம். அரைபட்டதா என்று பார்க்க ஹெக்மேன் கேஜ் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஒன்றே ஒன்று: கேஜில் 7, அதாவது நல்ல நைஸ், வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டால், அது இன்றைக்குக் கட்டி இல்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி. நாளைக்குத் துகள்கள் மறுபடி சேருமா என்பதை அந்த இரும்புக் கட்டை சொல்லாது.

சரி, அழுத சுவருக்கு வருகிறேன்.

என் அப்பா ஊட்டி எச்.பி.எஃப்.பில் (இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்) வேலை பார்த்தவர். 'இந்து' ஃபிலிம் செய்த கம்பெனி, 1960ல் தொடங்கியது. வீட்டுக் குளியலறையில் கறுப்பு வெள்ளை ரோல் கழுவுவார். கடைசி அலசலுக்கு ஒரு மக் தண்ணீரில் வெட்டிங் ஏஜென்ட் இரண்டு சொட்டு விடுவார். விட்டால் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தகடு போல வழிந்துவிடும், காய்ந்த பிறகு ஃபிலிமில் புள்ளி விழாது. நான் ஒருமுறை நல்லது தானே என்று தாராளமாக விட்டுவிட்டேன். நுரை. காய்ந்தபிறகு ஃபிலிம் முழுக்கப் பிசுக்குக் கோடு. "ரெண்டு சொட்டு ஃபிலிமைக் கழுவும், மூணாவது சொட்டு ஃபிலிம்ல எழுதும்" என்றார். திட்டவில்லை, அந்த ரோலில் இருந்தது என் அத்தை கல்யாணம் என்பது பிறகுதான் தெரிந்தது.

மேல் குன்னூர்ச் சுவரில் எழுதியதும் அந்த மூன்றாவது சொட்டுதான். கருஞ்சிவப்பு என்றால் பேஸில் வெள்ளை கிடையாது, எல்லாம் டின்ட்டர், அதாவது நிறம் தரும் அடர்ந்த பேஸ்ட். ஒரு லிட்டருக்கு நூறு மில்லிக்கு மேல் சிவப்பும் கறுப்பும் ஊற்றியிருந்தேன். கார்பன் எவ்வளவு மருந்து குடிக்கும் என்று மேலே சொன்னேன். அந்த மருந்தெல்லாம் டின்ட்டரோடு சேர்ந்து வந்துவிடும், அதோடு உலராமல் இருக்கப் போட்ட கிளைக்காலும். பேஸில் ஏற்கெனவே போட்டது தனி. வெயிலில் காய்ந்தால் பிரச்சினை இல்லை. தண்ணீர் சீக்கிரம் போய், பைண்டர் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, மருந்து உள்ளேயே சிறைப்பட்டுவிடும். இங்கே இரவு 12 டிகிரி, மூடுபனி. தண்ணீர் போகவே இல்லை. தண்ணீரில் கரையும் எதுவும் மெல்ல மெல்ல மேலே ஏறி வந்து உட்கார, சன்ஷேடிலிருந்து சொட்டிய துளி அதை இழுத்துக்கொண்டு கீழே வழிந்தது. வெளிர் நிறத்தில் இது தெரியாது, அளவும் குறைவு. அதனால்தான் சந்தன நிறச் சுவர் மூன்றும் சும்மா இருந்தன.

நீலகிரியில் மழை இரண்டு தடவை. தென்மேற்கு ஊட்டிக்கும் கூடலூருக்கும் கொட்டும்; குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி கார்த்திகைதான் பெரிய மழை. கலர் கார்டு சமவெளியில் அச்சாகிறது. அதைப் பார்த்துக் கார்த்திகையில் கருஞ்சிவப்பு அடிக்கச் சம்மதித்தது என் முதல் தப்பு.

அன்றைக்கு நானும் தம்பியும் இரண்டு பக்கெட் தண்ணீரும் ஸ்பாஞ்சும் வைத்து மேலிருந்து கீழே மெதுவாகக் கழுவினோம். சோப்பு போடக் கூடாது. வந்ததே சோப்பு ஜாதிதான். கோடு போய்விட்டது. ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை லேசாக வந்தது, மழையே கழுவிவிட்டது. பெயின்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கார அம்மாவுக்கு இதை எத்தனை தடவை சொல்லியும், "புதுப் பெயின்ட் ஏன்மா ஒழுகணும்?" என்பதற்கு என்னிடம் அவர் ஏற்கும்படியான பதில் இல்லை. பாதிப் பணம் தை மாதம்தான் வந்தது.

அதன்பிறகு பேஸை மாற்ற உட்கார்ந்தேன். முதலில் வெட்டிங் ஏஜென்ட்டைப் பாதியாக்கினேன். டைட்டானியம் இல்லாத பேஸுக்கு அது அவ்வளவு தேவையே இல்லை. வெள்ளை பேஸ் ஃபார்முலாவை அப்படியே காப்பியடித்ததால் வந்த வினை. அடுத்து சோடியம் உப்புக்குப் பதில் அம்மோனியம் உப்பு. காயும்போது அம்மோனியா பறந்துவிடும், மிச்சமிருப்பது முன்போலத் தண்ணீரில் கரைந்து ஓடாது. சோடியம் எங்கேயும் பறக்காது. அதற்கும் அடுத்து, தண்ணீரை அவ்வளவாக விரும்பாத பகுதியும் சேர்த்துச் செய்த கோபாலிமர் வகை. விலை உறுத்தும், ஆனால் ஈரத்தில் அசையாது. டின்ட்டரில் கை வைக்கவில்லை; கார்பனுக்கு மருந்தைக் குறைத்தால் ரயில் நீலம் கதைதான் மறுபடி.

பாசிக்கு நல்லது என்று யாரோ சொல்லி இந்தச் சமயத்தில் கொஞ்சம் ஜிங்க் ஆக்சைடும் போட்டுப் பார்த்தேன். இங்கே வடக்குப் பார்த்த சுவர் ஒவ்வொன்றும் இரண்டு மழையில் பச்சையாகிவிடுமே. ஆனால் அதிலிருந்து கரைந்து வரும் ஜிங்க்குக்கும் கால்சியம் போல இரண்டு கைதான். பத்தே நாளில் டப்பா களி. அந்தக் கதையை இங்கே நீட்டவில்லை.

இப்போது கொட்டகைக்குப் பின்னால் வேலியில் சிமென்ட் ஷீட் துண்டுகள் நான்கு தொங்குகின்றன. நான்கிலும் அதே கருஞ்சிவப்பு, நான்கும் மாலை நான்கு மணிக்கு அடித்து, காய விடாமல் வேண்டுமென்றே பனியில் விட்டவை. முதலாவது பழைய ஃபார்முலா; அழுதது. இரண்டாவது, வெட்டிங் ஏஜென்ட் பாதி, கொஞ்சம் அழுதது. மூன்றாவது அம்மோனியம், ஓரத்தில் இரண்டு கோடு. நான்காவது கோபாலிமர், மூன்று இரவு கழிந்தும் ஒரு கோடு இல்லை, காலையில் நீர்த்துளிகள் மட்டும் கண்ணாடி மணி போல நின்றன. நான்காவதைத்தான் போட வேண்டும் என்று அண்ணனுக்குப் போன் செய்ய எடுத்தேன். அதற்குள் அதே பேட்ச்சின் டப்பாவைத் திறந்து பார்த்தேன். மேலே ஒரு விரல்கடை அளவு தெளிந்த தண்ணீர் நிற்கிறது. சுவரில் அழாதது டப்பாவில் அழுகிறது. பெயின்டைக் கெட்டிப்படுத்தப் போடும் திக்கனரோடு ஒத்துப்போகவில்லை போல. கலக்கினால் சேர்ந்துவிடுகிறது, ஆனால் கடையில் மூடியைத் திறந்து பார்க்கிறவர் கலக்கிப் பார்க்கும்வரை காத்திருக்க மாட்டார்.

அதனால் ஐந்தாவது: கோபாலிமரில் கொஞ்சம் குறைத்து அம்மோனியம் கொஞ்சம் சேர்த்தது, திக்கனரை வேறு வகைக்கு மாற்றியது. காலையில் முதல் கோட் போட்டாயிற்று. இப்போது மணி மூன்றரை. காட்டேரி ஊர்ப் பக்கத்திலிருந்து மூட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது, எதிர்த் தேயிலைச் சரிவில் பாதி ஏற்கெனவே காணோம். போய் இரண்டாவது கோட் போட வேண்டும்.